ஸ்கர்வி: பழைய காயம் ஏன் மறுபடி திறந்தது?

1741-ல் தென் அமெரிக்காவின் தெற்கு முனையைச் சுற்றிக்கொண்டு பசிபிக் கடலுக்குள் நுழைந்தது செஞ்சூரியன் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பல். அதில் ஒரு வயதான சிப்பாய் இருந்தார். இளைஞராக இருந்தபோது, 1690-ல் அயர்லாந்தில் நடந்த பாய்ன் போரில் காயம்பட்டவர். காயம் சீக்கிரமே ஆறிவிட்டது. அதன்பின் 50 வருடம் எந்தத் தொந்தரவும் இல்லை. கடலில் சில மாதங்கள் கழிந்தபின் அந்தக் காயம் திறந்துகொண்டது. முன்பு எப்போதோ உடைந்து, கூடி, கெட்டியாகிவிட்ட அவருடைய எலும்பும் நேற்றுதான் உடைந்தது போலப் பிரிந்துவிட்டது.

இது கட்டுக்கதை அல்ல. அந்தக் கப்பற்படையின் பயண வரலாறு 1748-ல் லண்டனில் புத்தகமாக வந்தது. அதில் இந்தச் சிப்பாயின் கதை இருக்கிறது. எழுதியவர்களுக்கு நோயின் பெயர் தெரியும், ஸ்கர்வி. ஆனால் 50 வருடத்துத் தழும்பு ஏன் கரைய வேண்டும் என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை. பதில் கிடைக்க 200 வருடங்களுக்கு மேல் ஆனது. அந்தப் பதிலின் ஒரு முக்கியமான பகுதி எழுதப்பட்ட இடம் சென்னை கிண்டி!

கடல் வணிகத்தின் கணக்கு

ஸ்கர்வி பழைய நோய்தான். ஆனால் அது பெரிய அளவில் ஆட்களைக் கொல்ல ஆரம்பித்தது, ஐரோப்பியர்கள் மாதக்கணக்கில் கரையைப் பார்க்காமல் கப்பல் ஓட்டத் தொடங்கிய பிறகு. முதலில் உடம்பு அசதி. அப்புறம் ஈறு வீங்கி ரத்தம் கசியும், பல் ஆடும். தோலில் ரத்தப் புள்ளிகள் தோன்றும். மூட்டுகள் வீங்கும். புதுக் காயம் ஆறாது, பழைய காயம் திறக்கும். கடைசியில் எழுந்து நிற்க முயலும்போதே ஆள் விழுந்து இறந்துபோவான்.

வாஸ்கோ ட காமா 1498-ல் கோழிக்கோட்டுக்கு வந்ததை எல்லாரும் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அவர் திரும்பிப் போன கதையைப் பாடப்புத்தகம் அவ்வளவாகச் சொல்வதில்லை. எதிர்க்காற்றில் மாட்டிக்கொண்டு அரபிக்கடலைக் கடக்கவே அவருக்கு ஏறக்குறைய மூன்று மாதம் ஆயிற்று. அந்த ஒரு கட்டத்தில் மட்டும் சுமார் 30 பேர் ஸ்கர்வியில் இறந்தார்கள். ஓட்ட ஆள் இல்லாமல் சாவோ ரஃபாயேல் என்ற கப்பலை ஆப்பிரிக்கக் கரையில் கொளுத்திவிட்டுப் போக வேண்டியதாயிற்று.

முதலில் சொன்ன சிப்பாய் போன கப்பற்படையின் தலைவர் ஜார்ஜ் ஆன்சன். 1740-ல் சுமார் 1,900 பேரோடு கிளம்பினார். அதில் சுமார் 1,400 பேர் திரும்பவில்லை. எதிரியின் குண்டில் இறந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்களில் மிகப் பெரும்பாலோரைக் கொன்றது நோய், அதிலும் முக்கியமாக ஸ்கர்வி. ஆனாலும் ஆன்சன் ஒரு ஸ்பானிஷ் புதையல் கப்பலைப் பிடித்துக்கொண்டு 1744-ல் ஊர் திரும்பினார். வெள்ளியை வண்டி வண்டியாக லண்டன் தெருக்களில் ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். லாப நஷ்டக் கணக்கில் அந்த 1,400 பேர் எந்தப் பக்கத்திலும் வரவில்லை.

மருந்து தெரியாமல் இருந்ததா? அதுதான் இல்லை.

1535-36 குளிர்காலத்தில், இன்றைய கனடாவில் கியூபெக் அருகே பனியில் மாட்டிக்கொண்ட பிரெஞ்சுக்காரர் ஜாக் கார்த்தியேவின் ஆட்கள் 110 பேர். அதில் 25 பேர் ஸ்கர்வியில் இறந்தார்கள். அந்த மண்ணின் மக்கள் ஒரு ஊசியிலை மரத்தின் இலையையும் பட்டையையும் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு பெரிய மரத்தையே சில நாட்களில் மொட்டையடித்துக் குடித்தார்கள் பிரெஞ்சுக்காரர்கள். பிழைத்தார்கள்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் முதல் பயணம் 1601-ல். தலைவர் ஜேம்ஸ் லங்காஸ்டர். நான்கு கப்பல்கள். தன்னுடைய கப்பலில் மட்டும் லெமன் சாறு பாட்டில்களை ஏற்றியிருந்தார். தினமும் காலையில் ஆளுக்கு மூன்று ஸ்பூன். தென்னாப்பிரிக்கா போய்ச் சேர்ந்தபோது மற்ற மூன்று கப்பல்களிலும் நங்கூரம் போடக்கூடத் தெம்பில்லை. லங்காஸ்டரின் ஆட்கள்தான் போய் உதவினார்கள். 1617-ல் கம்பெனியின் தலைமை அறுவை மருத்துவர் ஜான் உடால், லெமன் சாறு நல்ல மருந்து என்று புத்தகத்திலேயே எழுதிவிட்டார்.

ஆன்சன் கிளம்பியது அதற்கு 120 வருடம் கழித்து!

பன்னிரண்டு பேர்

1747 மே மாதம். சாலிஸ்பரி என்ற கப்பலின் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட். ஸ்காட்லாந்துக்காரர். ஸ்கர்வி வந்த 12 பேரைத் தேர்ந்தெடுத்தார். எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே நிலையில் நோய். ஒரே இடத்தில் படுக்கை, ஒரே சாப்பாடு. இரண்டிரண்டு பேராக ஆறு ஜோடி பிரித்து ஒவ்வொரு ஜோடிக்கும் ஒவ்வொரு மருந்து கொடுத்தார். ஆப்பிளில் செய்த சைடர், நீர்த்த கந்தக அமிலம், வினிகர், கடல் தண்ணீர், பூண்டும் கடுகும் சேர்த்து அரைத்த ஒரு விழுது, கடைசியாகத் தினம் இரண்டு ஆரஞ்சு ஒரு லெமன்.

ஆறு நாளில் பழம் தீர்ந்துபோனது. ஆனால் அந்த ஆறு நாளே போதுமாக இருந்தது. பழம் சாப்பிட்ட இருவரில் ஒருவர் வேலைக்குத் திரும்பிவிட்டார். இன்னொருவர் மற்ற நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் அளவுக்குத் தேறிவிட்டார். சைடர் குடித்தவர்கள் கொஞ்சம் தேவலாம். மற்றவர்களுக்கு முன்னேற்றம் இல்லை. ஒரே மாதிரி நோயாளிகளைப் பிரித்து மருந்துகளை ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனைகளின் வரலாற்றில் இதற்கு முக்கியமான இடம் உண்டு.

இவ்வளவு தெளிவான முடிவு கிடைத்த பிறகும் இங்கிலாந்துக் கடற்படை லெமன் சாற்றைப் பொதுவாக வழங்க ஆரம்பித்தது 1795-ல். அதாவது 48 வருடம் கழித்து. லிண்ட் அதற்கு முந்தைய வருடமே இறந்துவிட்டார். அதிகாரிகளின் சோம்பல் மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது. லிண்டுக்கே தன் கண்டுபிடிப்பின் பொருள் முழுதாகப் புரியவில்லை. ஸ்கர்வி என்பது ஈரக் காற்றாலும் செரிமானக் கோளாறாலும் வருவது என்றே அவர் நினைத்தார். பழத்தைப் பல மாதம் கெடாமல் வைத்திருக்க அவர் சொன்ன வழி, சாற்றை மணிக்கணக்கில் சூடாக்கி வற்றவைத்துப் பாகு ஆக்குவது. அந்தச் சூட்டிலேயே மருந்து பெரும்பாலும் அழிந்துவிடும் என்று யாருக்கும் தெரியாது. பாகைக் குடித்தவர்களுக்கு நோய் சரியாகப் போகவில்லை. "பழம் எல்லாம் சும்மா" என்று சொல்ல அதுவே வசதியாகிவிட்டது.

கிடைத்த மருந்து தொலைந்தது

1795-க்குப் பிறகு கில்பர்ட் பிளேன் என்ற டாக்டரின் முயற்சியால் தினமும் லெமன் சாறு கொடுத்தார்கள். சில வருடங்களில் கடற்படையில் ஸ்கர்வி ஏறக்குறைய மறைந்தது. கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

இங்கே ஒரு பெயர்க் குழப்பம். நம்மூர் மார்க்கெட்டில் எலுமிச்சம்பழம் என்று விற்கும் சின்ன உருண்டைப் பழம் உண்மையில் லைம் வகை. லெமன் என்பது சிசிலி, மால்டா போன்ற மத்தியதரைக் கடல் பகுதிகளில் விளையும், நுனி கூரான பெரிய மஞ்சள் பழம். தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான். அந்தக் காலத்து ஆங்கிலேயர்களும் இரண்டையும் சரியாகப் பிரித்துச் சொல்லவில்லை. 1860-களில் கடற்படை லெமனிலிருந்து லைமுக்கு மாறியது. லைம், இங்கிலாந்தின் சொந்தக் காலனிகளான மேற்கிந்தியத் தீவுகளில் விளைந்தது. வெளிநாட்டுக்காரனிடம் வாங்க வேண்டாம். புளிப்பும் அதிகம், எனவே மருந்தும் அதிகம் என்று நினைத்தார்கள்.

புளிப்புக்கும் மருந்துக்கும் சம்பந்தமே இல்லை. லெமனோடு ஒப்பிட்டால் லைமில் ஸ்கர்வியைத் தடுக்கும் சக்தி பல மடங்கு குறைவு. அதையும் பதப்படுத்தி, பீப்பாயில் அடைத்து, மாதக்கணக்கில் வைத்திருந்தால் மிச்சம் இருப்பது புளிப்புத் தண்ணீர். ஆனால் யாரும் கவனிக்கவில்லை. ஏன்? நீராவிக் கப்பல் வந்துவிட்டது. பயண நாட்கள் குறைந்துவிட்டன. ஸ்கர்வி வரும் முன்பே கப்பல் கரைக்கு வந்து காய்கறி கிடைத்துவிடும். சரக்கின் தரம் கெட்டுவிட்டது, ஆனால் சரக்கைச் சோதிக்கும் சந்தர்ப்பமே வரவில்லை.

சந்தர்ப்பம் வந்தது 1875-ல். ஜார்ஜ் நேர்ஸ் தலைமையில் வடதுருவப் பகுதிக்குப் போன குழுவினர் லைம் சாறு வைத்திருந்தும் ஸ்கர்வியில் படுத்துவிட்டார்கள். உடனே பழத்தின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. கெட்டுப்போன டின் இறைச்சியின் விஷம்தான் ஸ்கர்விக்குக் காரணம் என்று ஒரு புதுக் கொள்கை கிளம்பியது. அந்த நம்பிக்கையோடுதான் ஸ்காட் போன்றவர்கள் அண்டார்டிகாவுக்குப் போனார்கள். 1901-04 பயணத்தில் அவருடைய குழுவிலும் ஸ்கர்வி வந்தது. 1601-ல் லங்காஸ்டருக்குத் தெரிந்திருந்தது 1901-ல் ஸ்காட்டுக்குத் தெரியவில்லை. காரணம் தெரியாமல் கையில் வைத்திருக்கும் மருந்தை இழப்பது எவ்வளவு சுலபம் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

கினிப் பன்றியும் மிளகாயும்

1907-ல் நார்வேயில் ஆக்சல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிச் என்ற இருவர் வேறு ஒரு கப்பல் நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். கினிப் பன்றிகளுக்கு வெறும் தானியத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்த நோய் வரவில்லை, ஸ்கர்வி வந்தது. இது பெரிய அதிர்ஷ்டம். எலி, நாய், பூனை, மாடு எல்லாம் தனக்கு வேண்டிய வைட்டமின் சி-யைத் தானே உடம்பில் தயாரித்துக்கொள்ளும். மனிதனாலும் அவனுடைய நெருங்கிய குரங்கு உறவினர்களாலும் முடியாது. கினிப் பன்றியாலும் முடியாது. அவர்கள் எலியைத் தேர்ந்தெடுத்திருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது. சோதனைக்கு ஒரு பிராணி கிடைத்ததால், எந்த உணவில் எவ்வளவு சக்தி என்று அளக்க முடிந்தது. முதல் உலகப்போர் சமயத்தில் லண்டன் லிஸ்டர் நிலையத்தில் ஹேரியட் சிக்கும் அவருடன் வேலை செய்த பெண் விஞ்ஞானிகளும் லைமின் குட்டை உடைத்தார்கள்.

1928-ல் கேம்பிரிட்ஜில் இருந்த ஹங்கேரிக்காரர் ஆல்பர்ட் செண்ட்-ஜியார்ஜி, மாட்டின் அட்ரினல் சுரப்பியிலிருந்து ஒரு வெள்ளைப் பொருளைப் பிரித்தெடுத்தார். ஏதோ சர்க்கரை மாதிரி இருந்தது, என்னவென்று தெரியவில்லை. "கடவுளுக்குத்தான் தெரியும்" என்று பொருள் வரும்படி ஒரு குறும்புப் பெயர் வைக்கப் பார்த்தார். பத்திரிகை ஆசிரியர் ஒப்புக்கொள்ளவில்லை. 1932-ல் அதுதான் வைட்டமின் சி என்று தெரிந்தது. அமெரிக்காவில் சார்லஸ் கிளென் கிங்கும் அதே வருடம் அதே முடிவுக்கு வந்தார். ஆராய்ச்சிக்கு நிறைய வேண்டுமே, எங்கே போவது? செண்ட்-ஜியார்ஜி அப்போது இருந்த செகெட் நகரம் பாப்ரிகா மிளகாய்க்குப் பேர்போனது. அந்த மிளகாயிலிருந்து கிலோக் கணக்கில் எடுத்தார்கள். 1937-ல் அவருக்கு நோபல் பரிசு.

இப்போது பொருள் தெரிந்துவிட்டது. ஆனால் பாய்ன் போர்ச் சிப்பாயின் கேள்வி அப்படியேதான் இருந்தது. இந்த வைட்டமின் உடம்பில் என்ன செய்கிறது?

1920-களில் பாஸ்டனில் எஸ். பர்ட் வோல்பாக், ஸ்கர்வி வந்த கினிப் பன்றிகளின் திசுக்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். செல்கள் இருக்கின்றன. செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே இருக்க வேண்டிய நார்தான் இல்லை. செங்கல் இருக்கிறது, சாந்து இல்லை. அதே பாஸ்டனில் 1939-ல் ஜான் கிராண்டன் என்ற இளம் சர்ஜன் வைட்டமின் சி துளியும் இல்லாத உணவைத் தானே மாதக்கணக்கில் சாப்பிட்டார். மூன்றாவது மாதம் முதுகில் ஒரு வெட்டுப் போட்டுப் பார்த்தார்கள், நன்றாக ஆறியது. ஆறாவது மாதம் போட்ட வெட்டு தோலுக்குக் கீழே ஆறவே இல்லை. ஊசி மூலம் வைட்டமின் கொடுத்த பிறகுதான் ஆறியது. 1940-ல் முடிவு வெளியானது.

ஆக, பிரச்சினை நாரில்தான். அந்த நாரின் பெயர் கொலாஜன்.

மூன்று இழைக் கயிறு

நம் உடம்பில் உள்ள புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொலாஜன். தோல், எலும்பு, தசைநாண், ஈறு, ரத்தக்குழாய்ச் சுவர், தழும்பு எல்லாவற்றிலும் இருப்பது அதுதான். ஸ்கர்வி எங்கெல்லாம் தாக்குகிறது என்ற பட்டியலை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றே.

இந்த நாரின் உள்ளமைப்பு என்ன என்பது 1950-களின் ஆரம்பத்தில் பெரிய புதிர். உலகப் புகழ்பெற்றவர்கள் எல்லாம் முயன்று தவறான விடை சொல்லியிருந்தார்கள். 1952-ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தவர் ஜி.என்.ராமச்சந்திரன். எர்ணாகுளத்தில் பிறந்தவர், சி.வி.ராமனின் மாணவர். வந்தபோது வயது 30. சென்னைக்கு வந்த விஞ்ஞானி ஜே.டி.பெர்னல், கொலாஜன் புதிர் இன்னும் தீரவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். ராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார். கிண்டிக்குப் பக்கத்திலேயே அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். தோல் என்றாலே கொலாஜன்தானே! கங்காருவின் வால் தசைநாணை எக்ஸ்ரேயில் படம் எடுத்து, கோபிநாத் கர்த்தாவும் ராமச்சந்திரனும் விடை கண்டார்கள். 1954 ஆகஸ்டில் நேச்சர் இதழில் வந்தது. கொலாஜன் என்பது மூன்று இழைகள் சேர்ந்த ஒரு சுருள். அடுத்த வருடம் அதைத் திருத்தி, மூன்று இழைகளும் கயிறு போல ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டிருக்கின்றன என்று காட்டினார்கள்.

அதே 1955-ல் கேம்பிரிட்ஜிலிருந்து ஃபிரான்சிஸ் கிரிக்கும் அலெக்ஸ் ரிச்சும் ஒரு ஆட்சேபம் எழுப்பினார்கள். மூன்று இழை என்பது சரி. ஆனால் சென்னை மாதிரியில் அணுக்கள் இருக்கக்கூடாத அளவுக்கு நெருக்கமாக இருக்கின்றன. இழைகளைப் பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்பு ஒவ்வொரு மூன்று கண்ணிக்கும் இரண்டல்ல, ஒன்றுதான் இருக்க முடியும். பிணைப்பு விஷயத்தில் பின்னால் வந்த சான்றுகள் கிரிக் பக்கம்தான் சாய்ந்தன. ஆனால் ராமச்சந்திரன் சும்மா இருக்கவில்லை. இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதையே முறையாக ஆராயக் கிளம்பினார். அதன் விளைவுதான் 1963-ல் ராமகிருஷ்ணன், சசிசேகரனோடு சேர்ந்து வெளியிட்ட ராமச்சந்திரன் வரைபடம். இன்று உலகில் எந்தப் புரதத்தின் அமைப்பைக் கண்டுபிடித்தாலும் அது சரியா என்று பார்க்க அந்த வரைபடத்தில் போட்டுப் பார்க்கிறார்கள். அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையத்தின் அரங்கத்துக்கு டிரிபிள் ஹீலிக்ஸ் என்று பெயர் வைத்திருப்பதற்குப் பின்னால் இருக்கும் கதை இது.

காற்றிலிருந்து ஒரு அணு

கொலாஜன் இழை ஒவ்வொன்றும் சுமார் 1,000 அமினோ அமிலங்கள் கோத்த மாலை. ஒவ்வொரு மூன்றாவது மணியும் கிளைசின். அதுதான் எல்லாவற்றிலும் சிறியது. முறுக்கின் உள்பக்கத்தில் வேறு எதற்கும் இடம் கிடையாது. மற்ற இரண்டு இடங்களில் அடிக்கடி வருவது புரோலின். இந்தப் புரோலின்களில் பலவற்றில் ஒரு ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்கு ஹைட்ராக்சிபுரோலின் என்று பெயர். மற்ற புரதங்களில் இது அபூர்வம்.

இந்த ஆக்சிஜன் எங்கிருந்து வந்தது? சாப்பாட்டில் ஹைட்ராக்சிபுரோலின் இருந்தாலும் உடம்பு அதைக் கொலாஜனில் கோப்பதில்லை என்று 1949-ல் மார்ஜரி ஸ்டெட்டன் காட்டினார். அப்படியானால் சாதாரணப் புரோலினைக் கோத்தபின்தான் அது மாற்றப்பட வேண்டும். 1962-ல் எடை கூடிய ஆக்சிஜனை அடையாளமாக வைத்துச் செய்த சோதனைகளில், அந்த ஆக்சிஜன் தண்ணீரிலிருந்து வரவில்லை, மூச்சுக்காற்றிலிருந்து வருகிறது என்று தெரிந்தது. அதைப் பிடித்துப் புரோலினில் பொருத்தும் வேலையைச் செய்வது ஒரு நொதி, அதாவது என்சைம். பெயர் புரோலைல் ஹைட்ராக்சிலேஸ்.

இந்த நொதியின் நடுவில் ஒரு இரும்பு அணு உட்கார்ந்திருக்கிறது. ஆக்சிஜன் மூலக்கூறில் இரண்டு அணுக்கள். ஒன்று புரோலினுக்குப் போகும். இன்னொன்று நொதி துணைக்கு வைத்திருக்கும் வேறொரு சிறு மூலக்கூறுக்குப் போகும். சில சமயம் கணக்குத் தவறிவிடும். புரோலினுக்குப் போக வேண்டியது போகாமல், இரும்பே ஆக்சிஜனேற்றம் அடைந்துவிடும், துருப்பிடித்த மாதிரி. துருப்பிடித்த நொதி வேலை செய்யாது. அந்தத் துருவை நீக்கி இரும்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது வைட்டமின் சி. ஒவ்வொரு முறை துரு நீக்கும்போதும் அது செலவாகும். புதிதாக வந்தாக வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை. வைட்டமின் சி என்றாலே ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள் என்று விளம்பரம் செய்கிறார்கள். ஸ்கர்வி விஷயத்தில் அது செய்யும் முக்கியமான வேலை நேர்மாறானது. நார் உறுதிப்பட ஒரு ஆக்சிஜனேற்றம் நடந்தே ஆக வேண்டும். அது நின்றுவிடாமல் பார்த்துக்கொள்கிறது.

24 டிகிரியும் 37 டிகிரியும்

சரி, ஒரு ஆக்சிஜன் ஒட்டாவிட்டால் என்ன குடி முழுகிப்போகும்?

இதற்கு முதல் துப்புக் கொடுத்தது தோல் பதனிடும் தொழில். ஸ்வீடனைச் சேர்ந்த தோல் வேதியியலாளர் குஸ்தாவ்சன் 1955-ல் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். காட் போன்ற குளிர்கடல் மீனின் தோலைக் கொஞ்சம் சூடாக்கினாலே சுருங்கிவிடும். மாட்டுத் தோல் அதைவிட அதிகச் சூட்டைத் தாங்கும். மீன் தோலில் ஹைட்ராக்சிபுரோலின் குறைவு, மாட்டுத் தோலில் அதிகம்.

நேரடியான நிரூபணம் 1973-ல். அமெரிக்காவில் ரிச்சர்ட் பெர்க், டார்வின் பிராக்கப் இருவரும் கோழிக்கருவின் தசைநாண் செல்களில், நொதிக்கு வேண்டிய இரும்பைக் கட்டிப்போட்டுவிட்டார்கள். செல்கள் ஆக்சிஜன் ஒட்டாத கொலாஜனைத் தயாரித்தன. அதை மெல்லச் சூடாக்கினார்கள். சாதாரணக் கொலாஜனின் மூன்று இழை முறுக்கு சுமார் 39 டிகிரி வரை தாங்கியது. ஆக்சிஜன் ஒட்டாதது சுமார் 24 டிகிரியிலேயே பிரிந்துபோனது.

நம் உடம்பின் சூடு 37 டிகிரி. இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஸ்கர்வியின் கதை முழுதும் வந்துவிடுகிறது. ஆட்டுக்கால் சூப் கொதிக்கும்போது கொலாஜன் முறுக்கு அவிழ்ந்து கரைகிறது. ஆறினால் கட்டியாக உறைகிறது. ஆக்சிஜன் ஒட்டாத கொலாஜனுக்கு அடுப்பே வேண்டாம், உடம்பின் சூடே போதும். முறுக்கிக்கொள்ள முடியாத இழைகளைச் செல் பெரும்பாலும் வெளியே அனுப்பாமல் உள்ளேயே அழித்துவிடும். சாந்து வந்து சேராது. ஸ்கர்வி நோயாளியின் பட்டினியும் கொலாஜன் உற்பத்தியைக் குறைக்கும் என்பது பின்னால் தெரியவந்தது. ஆனால் அடிப்படை இதுதான்.

அந்த ஆக்சிஜன் எப்படி உறுதி தருகிறது என்பதிலும் ஒரு சுவாரசியம். அதே 1973-ல் ராமச்சந்திரன், மஞ்சு பன்சால், பட்நாகர் மூவரும் ஒரு யோசனை சொன்னார்கள். ஹைட்ராக்சிபுரோலின் ஒரு தண்ணீர் மூலக்கூறைப் பிடித்துக்கொண்டு இழைகளுக்கு நடுவே பாலம் போடுகிறது என்று. 1994-ல் கொலாஜன் மாதிரி ஒரு சிறு புரதத்தின் படிகத்தைப் பார்த்தபோது தண்ணீர் வலை இருப்பது உண்மைதான் என்று தெரிந்தது. ஆனால் 1998-ல் அமெரிக்காவில் ரொனால்ட் ரெய்ன்ஸ் குழு, அந்த இடத்தில் ஆக்சிஜனுக்குப் பதில் ஃப்ளூரினை வைத்துப் பார்த்தது. ஃப்ளூரினுக்குத் தண்ணீரை அப்படிப் பிடிக்கும் குணம் கிடையாது. இருந்தும் சுருள் இன்னும் அதிகமாக உறுதிப்பட்டது! அந்த அணு புரோலின் வளையத்தைச் சரியான கோணத்தில் வளைத்து வைப்பதுதான் முக்கியம் என்று அவர்கள் சொன்னார்கள். தண்ணீர் இருக்கிறது, ஆனால் உறுதிக்கு அதுவே முதல் காரணம் அல்ல.

முறுக்கிய கயிறுகள் செல்லுக்கு வெளியே வந்தபின் இன்னொரு ஆக்சிஜனேற்றமும் உண்டு. லைசைல் ஆக்சிடேஸ் என்ற நொதி, தாமிரத்தின் உதவியோடு லைசின் என்ற அமினோ அமிலத்தை மாற்றி, கயிற்றையும் கயிற்றையும் நிரந்தரமாகப் பிணைக்கிறது. இதைக் கண்டுபிடிக்க உதவியது பூச்செடியான ஸ்வீட் பீயின் விதை. அதைத் தின்ற எலிகளின் எலும்பு வளைந்து, ரத்தக்குழாய் வெடித்தது. அந்த விதையில் உள்ள ஒரு பொருள் இந்த நொதியை நிறுத்திவிடுகிறது. ஒரு ஆக்சிஜன் கயிற்றை முறுக்க, இன்னொன்று கயிறுகளைக் கட்ட. இரண்டில் எது நின்றாலும் உடம்பு தளர்ந்துபோகிறது.

சிப்பாய்க்குப் பதில்

இப்போது செஞ்சூரியனுக்குத் திரும்பலாம். தழும்பு என்பது ஒரு முறை ஒட்டி முடித்துவிட்ட வேலை என்றுதான் தோன்றும். அப்படியில்லை. உடம்பு பழைய கொலாஜனை அழித்துக்கொண்டும், புதியதை வைத்துக்கொண்டும் இருக்கிறது. தழும்பில் இது ஆயுள் முழுக்க நடக்கும் வேலை. அழிப்பதற்கு வைட்டமின் சி வேண்டாம், கட்டுவதற்கு வேண்டும். கடலில் வைட்டமின் தீர்ந்ததும் செலவு மட்டும் தொடர்ந்தது, வரவு நின்றுபோனது. 50 வருடத்துக் காயம் ஒவ்வொரு நாளும் புதிதாக மூடப்பட்டுக்கொண்டே இருந்தது. ஒரு சில மாதம் மூட ஆள் இல்லை. திறந்துவிட்டது.

அந்தச் சிப்பாயைக் காப்பாற்ற எவ்வளவு தேவைப்பட்டிருக்கும்? இரண்டாம் உலகப்போர் சமயத்தில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில், போரில் சேர மறுத்த இளைஞர்கள் சிலர் மனமுவந்து சோதனைக்கு உட்பட்டார்கள். தினம் 10 மில்லிகிராம் வைட்டமின் சி போதும், ஸ்கர்வி வராது என்று அதில் தெரிந்தது. ஒரு கொய்யாப்பழத்தின் சிறு துண்டில் அது இருக்கிறது.

ஆனாலும் ஸ்கர்வி மறையவில்லை. 1980-களில் எத்தியோப்பியா, சோமாலியா, சூடான் அகதி முகாம்களில் ஆயிரக்கணக்கானோருக்கு அது வந்தது. தானியம், பருப்பு, எண்ணெய் என்று ரேஷன் சரியாகத்தான் போயிற்று. கலோரிக் கணக்கும் சரியாக இருந்தது. காய்கறியும் பழமும் அழுகும் சரக்கு, அனுப்பச் செலவு அதிகம் என்பதால் பட்டியலில் இல்லை. ஆன்சன் காலத்தில் காரணம் தெரியாது. இப்போது புரோலினில் எந்த அணு எங்கே ஒட்டுகிறது என்பது வரை தெரியும். அந்த முகாம்களில் ஈறு வீங்கிக் கிடந்தவர்களுக்கு அந்த அறிவு பழமாகப் போய்ச் சேரவில்லை.